வடம் பிடிக்க ஆயிரம் பேர், கட்டை போட நாலு பேர்!



சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடந்த பட்டிமன்றம் உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். 'மாணவனுக்கு நல்லது சின்ன வகுப்பா, பெரிய வகுப்பா?' என்பது தலைப்பு. நான் பெரிய வகுப்பு அணியில் பேசினேன். "அறுபது பேர் இருந்தால்தான் சார் கேள்வி கேட்கும்போது ஒளிந்துகொள்ள முதுகு கிடைக்கும்!" என்றேன். கைதட்டல் அள்ளியது. தீர்ப்பும் எங்கள் பக்கமே. வெளியே வந்ததும் என் அணியிலேயே பேசிய நண்பன் ஒருவன் கேட்டான்: "ஒளிஞ்சிக்கிட்டு என்னடா கத்துக்கிட்டே?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் வீராம்பட்டினத்துப் பையன். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான்தான். மூன்றாவது செமஸ்டரில் எனக்கு மெஷின் ஷாப் பிராக்டிகலில் அரியர் விழுந்தது. தியரியில் இல்லை, பிராக்டிகலில்! தேர்வன்று ஸ்டெப் டர்னிங் ஜாப் வந்தது. டூலை மையத்துக்குக் கீழே, அளவுக்கு மேல் வெளியே நீட்டி மாட்டிவிட்டேன். ஆழமாகக் கட் கொடுத்தேன். 'கிர்ர்' என்று ஒரு சத்தம். டூல் முனை உடைந்து விழுந்தது. கூடவே என் மார்க்கும் விழுந்தது.

வீட்டில் சொன்னபோது அப்பா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இந்த ஆறு மாசத்துல அந்த மிஷினை நீ எத்தினி தடவ ஓட்டின?"

"நாலு தடவ இருக்கும்பா."

"நாலு தடவ கடலுக்குப் போனவன்கிட்ட போட்டைக் குடுத்தா என்னா ஆவும்?"

அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் எங்கள் மெஷின் ஷாப்பின் நிலையை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நண்பர்களே, நாம் டெக்னிக்கல் மாணவர்கள். கணக்குப் போட்டே பார்ப்போம். ஷாப்பில் ஆறு லேத் இருக்கிறது, பிராக்டிகல் மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 180 நிமிடம். அறுபது பேரும் ஒன்றாக உள்ளே போனால் ஒரு லேத்துக்குப் பத்து பேர். ஆளுக்கு 18 நிமிடம். முப்பது பேராகப் பிரித்தால் 36 நிமிடம். பதினெட்டுப் பேர் என்றால் ஒரு மணி நேரம். செமஸ்டருக்கு 15 வாரம் என்று பெருக்கிப் பாருங்கள். முதல் கணக்கில் நாலரை மணி நேரம், இரண்டாவதில் ஒன்பது, மூன்றாவதில் பதினைந்து. அந்த நாலரை மணி நேரமும் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. முண்டியடித்து முன்னே போகிறவன் எடுத்துக்கொள்வான். என்னைப் போல் கூச்சப்படுகிறவன் பின்னால் நின்று முதுகுகளைப் பார்த்து ரெக்கார்டு எழுதுவான். அந்த ரெக்கார்டைத் திருத்தும் சாரையும் நினைத்துப் பாருங்கள். ஒரு நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும் அறுபது நோட்டுக்கு 180 நிமிடம். ரெக்கார்டிலேயே லேப் முடிந்துவிடும். அப்புறம் என் டூல் மையத்தில் இருக்கிறதா என்று யார் வந்து பார்ப்பது?

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. அரியர் எழுத வேண்டியவர்கள் ஒன்பது பேர். எங்களுக்கென்று தேர்வுக்கு முன் இரண்டு வாரம் சாயங்காலப் பயிற்சி கிடைத்தது. அதே ஷாப், அதே லேத், அதே இன்ஸ்ட்ரக்டர். ஒரு செமஸ்டர் முழுக்க என் பெயரே தெரியாதவர், இரண்டாம் நாள், "தம்பி, நீ இடது கை பழக்கமா? கேரேஜ் வீலை ஏன் தப்பா பிடிக்கிற?" என்று கேட்டார். டூலை எப்படி உயர்த்துவது, டெயில் ஸ்டாக் சென்டரை வைத்து உயரம் எப்படிப் பார்ப்பது என்று கையைப் பிடித்துக் காட்டினார். ஆறு மாதத்தில் வராதது பத்து நாளில் வந்தது. பாஸ் செய்தேன்.

அன்றிலிருந்து என் மனதை அரிக்கும் கேள்வி இதுதான்: ஒரு மாணவனுக்குச் சின்ன வகுப்பு கிடைக்க வேண்டுமென்றால் அவன் முதலில் ஃபெயில் ஆக வேண்டுமா?

அப்படியானால் எல்லா வகுப்பையும் சின்னதாக்கிவிடலாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். அதுவும் சரியில்லை. வேறொரு கல்லூரியில் படிக்கும் என் ஊர் நண்பனின் பிரிவில் சீட் நிரம்பாமல் பதினான்கு பேர்தான். மெஷின் நேரம் தாராளம். ஆனால் ஆள் குறைவு என்று ஆசிரியரையும் குறைத்துவிட்டார்கள். ஒரே சார் மூன்று பாடம் எடுக்கிறார். "கிரிக்கெட் ஆடலாம்னா எதிர் டீமுக்கு ஆளில்லடா" என்று அவன் சிரித்தாலும் அதில் வருத்தம் இருந்தது. எனக்கோ பாகூர், வில்லியனூர், திருக்கனூர், கடலூர் என்று நாலா பக்கமிருந்தும் வந்த நண்பர்கள். டிராஃப்டர் இல்லாத நாளில் ஒருவன் தருவான். கணக்கு புரியாத நாளில் ஒருவன் சொல்லித் தருவான். இந்தச் செல்வம் பெரிய வகுப்பு தந்தது. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

பதினான்கு பேருக்கு வந்த அதே கதை அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய ஓர் ஆய்வில், சிறு பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். சிலரை 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்பிலும், சிலரை 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்பிலும் உட்காரவைத்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். அதைப் பார்த்துக் கலிபோர்னியா மாநிலம் 1996-இல் ஆரம்ப வகுப்புகளை 20 பேராகக் குறைத்தது. திடீரென்று அத்தனை வகுப்புக்கும் ஆசிரியருக்கு எங்கே போவது? முழுத் தகுதி இல்லாதவர்களையும் நியமித்தார்கள். எதிர்பார்த்த பலன் தெளிவாகத் தெரியவில்லை. தலையை மட்டும் குறைத்தால் போதாது, சொல்லித்தரத் தெரிந்தவர் எதிரே நிற்க வேண்டும்.

இன்னொரு கதை நம் மண்ணுடையது. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர்தான். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1787-இல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789 முதல் எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளி ஒன்றை நடத்தினார். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் புகுத்தினார். மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் வளர்த்தார். ஊர் திரும்பி 1797-இல் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'! ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். ஆனால் செலவு குறைகிறதே என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே ஆசிரியர் தலையில் கட்டியபோது படிப்பு வெறும் ஒப்பித்தலாகிவிட்டது. 1846-க்குப் பின் இங்கிலாந்து வேறு வழிக்குத் திரும்பியது. சட்டாம்பிள்ளை வாத்தியாருக்குத் துணை. அவருக்குப் பதில் அல்ல!

சரி, தீர்ப்பு என்ன? அதை எங்கள் ஊர்த் தேரிடமிருந்து சொல்கிறேன்.

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேரோட்டம் உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் தொட்டு இழுப்பார். இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து தொடங்கி வைக்கிறார்கள். வடம் பிடிக்க ஆள் கூடக் கூட நல்லது. புதிதாக வந்தவனும் கை வைக்கலாம். பக்கத்தில் இருப்பவன் இழுக்கும்போது இவனும் இழுப்பான். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவர்கள் சில பேர்தான். அந்த வேலையைக் கூட்டத்தில் நின்று கற்க முடியாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, "இப்பப் போடு, கைய எடு" என்று சொல்லித்தான் வரும். பிசகினால் கை போய்விடும்.

நம் படிப்பிலும் இரண்டும் இருக்கின்றன. தியரி, வடம். நல்ல ஆசிரியர் அறுபது பேருக்கும் தெர்மோடைனமிக்ஸ் நடத்திவிடலாம். லேத், வெல்டிங், எலக்ட்ரிகல் வயரிங் எல்லாம் முட்டுக்கட்டை. அங்கே எண்ணிக்கை கூடினால் படிப்பு மட்டுமல்ல, விரலும் போகும். ஆகவே வகுப்பு பெரிதா சிறிதா என்று பொதுவாகக் கேட்பதே தவறு. எந்த வேலைக்கு எத்தனை பேர் என்றுதான் கேட்க வேண்டும்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் டிப்ளமோவுக்கு இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றிருந்த விகிதத்தை 2018-19 கல்வியாண்டில் இருபத்தைந்துக்கு ஒருவர் என்று தளர்த்தியது. இது கல்லூரி முழுவதற்குமான கணக்கு. காகிதத்தில் விகிதம் சரியாக இருக்கும்போதே ஷாப்பில் அறுபது பேர் நிற்க முடியும். எனவே நாம் விகிதத்தைக் கேட்டுத் திருப்தி அடையக் கூடாது. பேட்ச் எத்தனை பேர் என்று கேட்க வேண்டும்.

நம் மாணவர் பேரவைக்கு நான் வைக்கும் வேண்டுகோள் மூன்று. ஒன்று, பிராக்டிகல் பேட்சில் இருபது பேருக்கு மேல் வேண்டாம், அதற்கேற்ப இன்ஸ்ட்ரக்டர்களை நியமியுங்கள் என்று நிர்வாகத்திடம் எழுதிக் கேட்போம். இரண்டு, ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு நோட்டு தொங்கட்டும். யார் எத்தனை நிமிடம் ஓட்டினான் என்று அவனவனே எழுதட்டும். மாதக் கடைசியில் குறைவாக ஓட்டியவனுக்கு முதல் இடம். மூன்று, மூன்றாம் ஆண்டு அண்ணன்களும் அக்காக்களும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் சட்டாம்பிள்ளைகளாக இருக்கட்டும். மெஷினை ஓட்டிக் காட்ட இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறார். டிராயிங்கும் கணக்கும் சொல்லித்தர நாம் போதும். இரண்டாவதுக்குச் செலவு ஒரு நோட்டுதான். மூன்றாவதுக்கு அதுவும் கிடையாது. என் பெயரை முதல் ஆளாக எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டிமன்றத்தில் நான் வாங்கிய கைதட்டலை இன்று திருப்பித் தருகிறேன். ஒளிந்துகொள்ள முதுகு தேடும் கூச்சக்காரத் தம்பி ஒருவன் இந்த ஆண்டும் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருப்பான். அவன் அரியர் வாங்கிய பிறகு நாம் அவனைப் பார்க்க வேண்டாம். அடுத்த திங்கட்கிழமை பிராக்டிகலில் அவனை முன்னால் விட்டுவிட்டு, நாம் ஓரடி பின்னால் நிற்போம்.