ஓதலும் பாடலும்: களைத்த செவிக்கு எதைக் கொடுக்கிறோம்?

கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ விசைப்படகிலிருந்து கரையேறியவர், அறந்தாங்கிக் கடைத்தெருவில் நாள் முழுதும் நின்றபடியே வணிகம் செய்தவர், காலை முதல் பிள்ளைகளையும் அடுப்படியையும் தாங்கிய தாய்மார் என எல்லோருக்கும் இஷாவுக்குப் பின் சிறிது ஓய்வு தேவைப்படுகிறது. அந்நேரத்தில் செவி இனியதொன்றைக் கேட்க விரும்புகிறது. அது குற்றமன்று, படைப்பின் இயல்பு.

நம் வீடுகளில் முன்பு அந்த நேரத்தை நாகூர் ஹனிபாவின் ஒலிநாடாக்கள் நிரப்பின. இன்று பல வீடுகளில் கைபேசி வழியே கிராஅத் ஒலிக்கிறது. மகிழ்ச்சிக்குரிய மாற்றமாகவே இது தோன்றும். சற்று உற்று நோக்கினால் மகிழ்ச்சி குறைகிறது. ஓதல் ஒலிக்க, வெங்காயம் நறுக்கப்படுகிறது, சம்பந்தம் பேசப்படுகிறது, கடன் கணக்குப் பார்க்கப்படுகிறது. யூசுஃப் (அலை) அவர்கள் கிணற்றில் வீசப்படும் இடத்தில் யாரோ அழைக்க, வசனம் பாதியில் அறுபடுகிறது. எவரும் அதைக் கவனிப்பதில்லை. ஏனெனில் எவரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாக இருக்குமாறு அல்அஃராஃப் அத்தியாயத்தின் 204ஆம் வசனம் பணிக்கிறது. அது தொழுகையில் ஓதப்படுவதையே குறிக்கும் என்று விளக்குவோர் உண்டு. இருக்கட்டும், இறைவாக்குக்குரிய மரியாதை தொழுகை விரிப்போடு முடிந்துவிடுமா? நபி (ஸல்) அவர்கள் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை ஓதச் சொல்லிக் கேட்டார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 41ஆம் வசனத்தை அவர் அடைந்தபோது அண்ணலாரின் கண்கள் நீர் சொரிந்தன என்பதைப் புகாரியில் காண்கிறோம். கேட்பது என்பது அதுதான்.

“உள்ளங்கள் இறைநினைவால்தானே அமைதி பெறுகின்றன?” என்று கேட்கலாம். ஆம், அர்ரஃது அத்தியாயத்தின் 28ஆம் வசனம் அதைத்தான் உரைக்கிறது. ஆனால் நினைவு என்பது உள்ளத்தின் செயல். கவனமின்றி ஓடவிடப்படும் ஒலி, எவ்வளவு புனிதமானதாயினும், நினைவாகிவிடாது. தொழுகைக்கு அழைத்துத் தமக்கு ஓய்வளிக்குமாறு பிலால் (ரலி) அவர்களிடம் அண்ணலார் கூறியதாக அபூதாவூதில் உள்ளது. அந்த ஓய்வு விழிப்போடு நிற்பதில் கிடைத்தது.

அப்படியானால் நாம் ஏன் ஓதலைப் பாடலின் இடத்தில் கொண்டுபோய் வைத்தோம்? பாடலை வீட்டைவிட்டு வெளியேற்றியதால்தான். இசைக்கருவிகள் பற்றிய கருத்து வேறுபாடு பழையது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்கள் கருவிகளைத் தடுத்தனர். இப்னு ஹஸ்ம் அத்தடையை ஏற்கவில்லை. இமாம் கஸ்ஸாலி பாடல் கேட்டலின் ஒழுங்குகளுக்கு இஹ்யாவில் தனிப் பகுதியே ஒதுக்கினார். அந்த வழக்கை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. ஆனால் கருவியின் மீதிருந்த சினத்தில் குரலையும் சேர்த்தல்லவா துரத்தினோம்! பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாட, அபூபக்கர் (ரலி) அவர்கள் அதட்ட, அண்ணலார் அவர்களை விட்டுவிடச் சொன்ன செய்தியை அறியாதவர் யார்? துரத்தப்பட்ட பாட்டு அழிந்துபோகவில்லை. செவிக்கருவிக்குள் புகுந்து, பிள்ளைகளின் தலையணைக்கு அருகில் நள்ளிரவு வரை விழித்திருக்கிறது. என்ன பாட்டு என்பது பெற்றோருக்குத் தெரியாது.

நம் மாவட்டம் இசைக்குப் புதிதன்று. குடுமியான்மலைப் பாறையில் ஏழு பண்களின் சுரங்கள் கல்வெட்டாக நிற்கின்றன. கஞ்சிராவைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. ஒருபுறம் தோல் போர்த்திய அந்த வட்டச் சட்டம், பக்கீர்கள் தட்டிப் பாடும் தாயிராவின் உறவுதான். தெற்கே தொண்டிக்கு அருகில், குணங்குடியில் பிறந்தவர் மஸ்தான் சாகிபு (1792–1838). அவர் பாடல்களின் சில சொற்களோடு உடன்படாதோரும் அவற்றின் ஏக்கத்தை மறுக்க மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், ஹனிபாவின் குரல் ஓய்வுக்குரிய குரலன்று. மைதானத்தின் கடைசி வரிசையைச் சென்றடையப் பிறந்த குரல் அது. ‘இசைமுரசு’ என்று பெயரிட்டவர் சரியாகவே பெயரிட்டார். அரசியல் மேடைகளிலும் அதே குரல்தான் முழங்கியது. ஆயினும் இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அந்தப் பாடலைக் கேட்கையில் தோள்கள் தளர்வதை உணர்கிறோம். காரணம் எளிது: அடுத்த அடி நமக்குத் தெரியும். அறிந்த பாட்டுக்குச் செவி காவல் நிற்க வேண்டியதில்லை. புதிய பாட்டு, விரைந்த தாளம், உரத்த ஒலி ஆகியவை களைத்தவரை மேலும் விழிக்கவே வைக்கும்.

அப்பாடலையே கருவி ஏதுமின்றித் தாய் ஒருத்தி முணுமுணுத்தால் எந்தத் தரப்புக்கும் மனத்தாங்கல் இராது. முனாஜாத்தும் பைத்தும் அத்தகையவையே. தொட்டிலருகே பாடும் தாலாட்டும் அவ்வாறே. கருவியிசையைத் தவிர்ப்போர் தவிர்க்கட்டும். அவர்களது பேணுதலை மதிக்கிறோம். வீட்டின் முதியவர் பழைய ஒலிநாடாப் பாட்டைக் கேட்டால் அவரைப் பழிக்காதிருக்கவும் அவர்கள் பழக வேண்டும்.

குர்ஆனைக் கேட்க விரும்பினால் பத்து நிமிடம் போதும். அப்துல் பாஸித்தோ, நிதானமாக ஓதும் ஹுஸரீயோ, எவராயினும் சரி; மற்ற வேலையை நிறுத்திவிட்டு, ஒரு பக்கத்தை அமர்ந்து கேட்டு, பின் நிறுத்திவிடலாம். அதன் பிறகு வீடு பாட விரும்பினால் பாடட்டும். வளைகுடாவிலிருந்து அழைக்கும் தந்தைக்குப் பிள்ளை தன் மதிப்பெண்ணைச் சொல்லி முடித்ததும் ஒரு பைத்தைப் பாடிக் காட்டட்டும். பன்னிரண்டு மணிநேர வேலைக்குப் பின் கட்டிலில் சாய்ந்திருக்கும் அவர், அதைவிட வேறெதைக் கேட்க விரும்பப்போகிறார்?