வாசித்தவர் பெயர் எங்கே?

தமிழ்த் திரையிசையைப் பற்றி எழுதுவோரிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. மெட்டுக்கு இசையமைப்பாளர் பெயரைச் சொல்வார்கள். வரிகளுக்குக் கவிஞர் பெயரையும் குரலுக்குப் பாடகர் பெயரையும் சொல்வார்கள். ட்ரம்பெட்டோ சாக்ஸபோனோ கிட்டாரோ ஒலிக்கும் இடம் வந்தால் மட்டும் 'மேற்கத்திய பாணி' என்ற இரு சொற்களோடு கட்டுரை நகர்ந்துவிடும். வாசித்த மனிதர் யார் என்று கேட்டால் இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, அவர்கள் கூலிக்கு வாசித்தவர்கள். மற்றொன்று, அது இரவல் இசை. இரண்டும் தவறு என்பதே என் கட்சி.

1964இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கூடக் காட்சி வருகிறது. டி.எம்.சௌந்தரராஜன் பாடுகிறார், எம்.எஸ்.விஸ்வநாதன் கையசைத்து இசைக்குழுவை நடத்துகிறார். சுற்றிலும் கருவிகளோடு கலைஞர்கள். நம் திரையுலகம் அவர்களுக்கு வெளிச்சம் தந்த அரிய தருணங்களுள் அது ஒன்று. அந்தப் பாடலைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்த முகங்களுக்கு உரிய பெயர்களை வரிசையாகச் சொல்லும் கட்டுரைகள் எத்தனை? சிலரது நினைவில் சில பெயர்கள் இருக்கின்றன. நினைவு வரலாறாகாது.

எழுதினால் என்ன கிடைக்கும் என்று காண கோவாவுக்குப் போகவேண்டியிருக்கிறது. பம்பாயின் ஜாஸ் காலத்தை ஆராய்ந்து எழுதிய இதழாளர் நரேஷ் பெர்னாண்டஸ், ஹிந்தித் திரையிசையின் பின்னணியில் உழைத்த கோவாக் கலைஞர்களைத் தேடிச் சென்றார். அவர்களுள் ஒருவர் பிராங்க் பெர்னாண்ட். 1919இல் பிறந்தவர். போர்த்துகீசிய ஆட்சியில் இருந்த கோவாவில் தேவாலயத்தை ஒட்டிய பங்குப் பள்ளிகளே இசைப் பள்ளிகள். வழிபாட்டுக்காகச் சிறுவர்களுக்கு இசைக்குறிப்பு வாசிக்கவும் வயலின் பிடிக்கவும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். அப்படிப் பயின்றவர், ட்ரம்பெட்டும் வயலினுமாகப் பம்பாய்க்கு வந்து ஜாஸ் குழுக்களில் சேர்ந்தார். 1946இல் முசௌரியில் காந்தியடிகளைச் சந்தித்தது அவரை உலுக்கியது. ஜாஸை இந்தியத் தன்மையோடு வாசிக்க வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் அவருள் ஊன்றியது.

விடுதலைக்குப் பின் வெள்ளையர் வெளியேறினர்; மன்னர்களின் செல்வாக்கு சரிந்தது; பம்பாயில் மதுவிலக்கு வந்தது. நடன அரங்குகள் வெறிச்சோட, ஜாஸ் கலைஞர்கள் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களை நாடினர். பிராங்க் பெர்னாண்ட் அங்கே இசைக்கோப்பாளரானார். அதோடு நிற்கவில்லை. தம் தாய்மொழியாகிய கொங்கணியில் 1963இல் 'ஆம்சேம் நொஷீப்', 1966இல் 'நிர்மோண்' ஆகிய படங்களைத் தயாரித்தார். பின்னது டென்னிசனின் 'ஈனக் ஆர்டன்' என்னும் கதைக்கவிதையைத் தழுவியது. மறு ஆண்டே 'தக்தீர்' என ஹிந்திக்குப் போனது. 2007இல் அவர் மறைந்தார். கோவிலில் தொடங்கி, ஜாஸ் மேடை வழியே, திரைக்கூடம் கடந்து, தாய்மொழிக் கலைக்குத் திரும்பிய ஒரு முழு வாழ்க்கை இது.

இனி 'கூலி' வாதத்தைப் பார்ப்போம். இசையமைப்பாளர் மெட்டை ஆர்மோனியத்தில் பாடிக்காட்டுவார். அதை ஐந்துகோட்டுக் குறியீட்டில் எழுதி, எந்த இடத்தில் எந்தக் கருவி, பாட்டின் அடியில் ஓடும் துணைமெட்டு எது, சரணங்களுக்கிடையே நிரம்பும் இசை எது என்றெல்லாம் வகுத்துத் தருவது இசைக்கோப்பாளர் பணி. தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது குழுவினர் பணி. பாட்டு நம் காதில் விழும் வடிவத்தைப் பெறுவது இங்கேதான். ஊதியம் பெற்றதனால் அது படைப்பாகாது என்றால், பரிசில் பெற்ற சங்கப் புலவர்களை என்ன செய்வது?

'இரவல்' வாதம் இன்னும் நொய்மையானது. நான் வாழும் திருமழிசையின் ஆழ்வார், சமணமும் பௌத்தமும் சைவமும் கற்றுத் தேர்ந்த பின்னரே திருமாலிடம் வந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. அதனால் அவர் பாசுரம் இரவல் என்று எவரும் சொன்னதில்லை. ஐரோப்பிய வயலினைப் பாலுசாமி தீட்சிதர் கற்று இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. அதுவின்றி இன்று கர்நாடக இசைக் கச்சேரி அரிது. தமிழிசை ஆய்வின் பெருநூலாகிய 'கருணாமிர்த சாகர'த்தை 1917இல் வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் கிறித்தவக் கீர்த்தனைகள் இயற்றியவர். பயின்ற வாயில் எதுவாயினும் விளைந்த கலை நம்முடையதே.

சென்னையிலும் இம்மரபுக்குப் பஞ்சமில்லை. எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தில் ஆர்கன் வாசித்த ஹாண்டல் மானுவேல், 1893இல் தோன்றிய மதராஸ் மியூசிக்கல் அசோசியேஷனின் பாடகர் குழுவையும் நடத்தினார். வானொலியிலும் மேலையிசையை வளர்த்தார். மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையில் தன்ராஜ் மாஸ்டர் மேலையிசை இலக்கணம் கற்பித்தார், இளையராஜாவும் ஏ.ஆர்.ரகுமானும் அவரிடம் பயின்றவர்கள். மாணவர்களைப் பற்றி நூல்கள் குவிகின்றன. ஆசிரியரோ அந்நூல்களில் ஒரு பத்தியாக வந்து போகிறார்.

இசைக்கோப்பாளரைப் பேசினால் இசையமைப்பாளரின் புகழ் குறையும் என்று அஞ்சுவோரும் உண்டு. அவர்களுக்குப் பரிபாடலை நினைவூட்டுகிறேன. அதன் பாடல்களின் அடிக்குறிப்புகள் பாடிய புலவரை ஒரு பெயராகவும், இசை வகுத்தவரை இன்னொரு பெயராகவும், பண்ணைத் தனியாகவும் பதிந்திருக்கின்றன. கடுவன் இளவெயினனாரின் பாட்டுக்குப் பெட்டனாகனார் இசை வகுத்தார் என்று இன்றும் நமக்குத் தெரிகிறது. அதனால் இளவெயினனாரின் புகழ் எள்ளளவும் குறையவில்லை. ஏட்டில் எழுதிய காலத்தில் காத்த நேர்மையை, கணினியில் எழுதும் நாம் கைவிடலாமா?

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வாசித்தவர்களில் எஞ்சியிருப்போர் இன்று முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். பெரம்பூரிலோ பரங்கிமலையிலோ ஒரு பழைய ட்ரம்பெட் கலைஞர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். ஞாயிறு ஆராதனையில் கீபோர்டு வாசிக்கும் முதியவர், ஒரு காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பியானோ வாசித்தவராக இருக்கக்கூடும். அடுத்த 'மேற்கத்திய பாணி' கட்டுரையை எழுதுமுன் அவரிடம் ஒரு மணி நேரம் அமருங்கள். எந்தப் பாட்டு, எந்த ஆண்டு, உடன் வாசித்தவர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஆய்வாளர் பார்த்துக்கொள்வார்கள்.