சமையற்கட்டு இல்லாத கப்பல்

காலாண்டு விடுமுறைக்குப் போடிக்கு வந்திருந்த தங்கை மகன், கட்டம் போட்ட நோட்டு ஒன்றை என் முன்னால் விரித்தான். ஒரு விண்கப்பலின் உள்வரைபடம். சொகுசுக் கப்பலாம். நடுவில் நடன மண்டபம், அதை ஒட்டி நீச்சல் குளம், சுற்றிலும் கண்ணாடிச் சுவர் வைத்த 16 அறைகள். மூக்கில் ஓட்டுநர் இருக்கை, வாலில் எஞ்சின். பென்சிலைச் சீவிச் சீவி அழகாகத்தான் போட்டிருந்தான்.

"சாப்பாடு யாருடா கொண்டு வருவா?" என்றேன்.

"பணக்காரங்க போற கப்பல் மாமா. அதெல்லாம் தானா வந்துரும்."

"தானா எங்க இருந்து வரும்?"

நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சமையலறையே இல்லை.

அவனும் நண்பர்களும் ஆடுவது 'டிராவலர்' என்ற ரோல் பிளேயிங் கேம். 1977-ல் அமெரிக்காவில் மார்க் மில்லர் உருவாக்கியது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நடத்துவார்கள். ஒருவர் நடுவராக இருந்து உலகத்தை விவரிப்பார். இந்த ஆட்டத்தில் ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் யாரும் எங்கும் இறங்க முடியாது. சண்டை, காதல், திருட்டு எல்லாம் கப்பலுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். அதனால்தான் யார் எந்தக் கதவு வழியாக எங்கே போவார்கள் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

அளவுகளை அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். ஒரு கட்டம் ஒன்றரை மீட்டர், நம் கணக்கில் ஐந்தடி. கப்பலை டன்னில் சொல்கிறார்கள். இது எடைக் கணக்கு இல்லை, ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைக்கும் இடம், ஏறத்தாழ 14 கன மீட்டர். மூன்று மீட்டர் உயரத்தில் கூரை வைத்தால் இரண்டு கட்டம் ஒரு டன். ஓர் அறைக்கு 4 டன், அதிலும் ஒரு பங்கு நடைபாதைக்கும் பொதுக்கூடத்துக்கும் போய்விடும். இதைக் கேட்டதும் நான் ஒரு கணக்குப் போட்டேன். இப்போது பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மனிதர் புழங்கும் இடம் 388 கன மீட்டர். டிராவலர் கணக்கில் 28 டன்கூட முழுதாக இல்லை, ஏழு அறைக்குக்கூடக் காணாது. அங்கே ஒருவர் தூங்கும் இடம் பழைய டெலிபோன் பூத் அளவுதான். அப்படிப்பட்ட விண்வெளியில் நடன மண்டபம் என்பது எவ்வளவு பெரிய ஆடம்பரம் என்று அப்போதுதான் அவனுக்கும் உறைத்தது.

டிக்கெட்டும் மூன்று வகை. ஹை பாஸேஜில் போகிறவர் ஆயிரம் கிலோ சாமான் கொண்டுபோகலாம். அப்படி எட்டுப் பேருக்கு ஒரு பணியாளர் கட்டாயம். மிடில் பாஸேஜுக்கு 100 கிலோ. லோ பாஸேஜ் என்றால் பத்தே கிலோ, ஆளையும் உறையவைத்துப் பெட்டியில் அடுக்கிவிடுவார்கள். சிலர் கண் விழிக்காமலே போவதும் உண்டு. 16 பேருக்கு இரண்டு பணியாளர் வேண்டுமே, அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று கேட்டேன். அதற்கும் இடம் விட்டிருக்கவில்லை.

என் அம்மா ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். விடிவதற்குள் தூக்குவாளியோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு ஏறுவார். சில மாதம் எஸ்டேட் பங்களாவில் ஒத்தாசைக்கு நிறுத்தினார்கள். பங்களாவுக்கு முகம் ரெண்டு என்பார். முன்முகம் சரிவைப் பார்த்த வராந்தா, பிரம்பு நாற்காலி. பின்முகம் தனியாகத் தள்ளிக் கட்டிய சமையற்கட்டு. அங்கிருந்து வீட்டுக்குக் கூரை போட்ட ஒரு நடை. குளியலறைக்கும் வெளிப்பக்கம் ஒரு கதவு உண்டு, சுத்தம் செய்கிறவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்து போக. வராந்தாவில் இருப்பவருக்குத் தேநீர் வந்தது மட்டும்தான் தெரியும். யார் யாரோடு பேசவில்லை, எந்தத் தட்டு தொடாமல் திரும்பியது, யார் பெட்டி கட்டுகிறார்கள் என்பதெல்லாம் சமையற்கட்டுக்குத்தான் தெரியும். ஆட்டத்துக்கு வேண்டிய கதை அந்த நடையில்தான் இருக்கிறது என்று பையனிடம் சொன்னேன்.

டைட்டானிக்கிலும் இப்படி ஒரு வழி இருந்தது. ஈ தளத்தில், ஏறத்தாழக் கப்பலின் நீளத்துக்கே ஓடிய நடைபாதை. ஸ்காட்லாந்து ரோடு என்று பணியாளர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அவர்களும் மூன்றாம் வகுப்புப் பயணிகளும் புழங்கிய பாதை அது.

எஞ்சின் அறை எப்படி இருக்கும் என்று காட்ட நான் அவனை மலை மேலே ஏலக்காய் உலர்த்தும் ஒரு ஸ்டோருக்குக் கூட்டிப்போனேன். உள்ளே தட்டுத் தட்டாகப் பச்சைக்காய். இரும்புக் குழாய் அறையைச் சுற்றி வந்து சூடு கொடுக்கிறது. அடுப்பு வாய் மட்டும் சுவருக்கு வெளியே, புகை காயில் படக் கூடாது என்பதற்காக. விறகு தள்ளுகிறவர் அங்கேதான் இரவெல்லாம் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சூடு ஏறினாலும் இறங்கினாலும் காயின் பச்சை போய்விடும். பையன் அவர் உட்காரும் பலகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று ராத்திரி அவன் வரைபடத்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சும் ஒரு கட்டிலும் வந்திருந்தன.

நான்கு நாளில் முழுக்கத் திருப்பி வரைந்தான். நடுத்தளத்தில் சமையலறை. அறைகளுக்குப் பின்னால் ஒரு கட்ட அகலத்தில் பணியாளர் நடை, ஒவ்வோர் அறைக்கும் அதிலிருந்து ஒரு பின்கதவு. நடன மண்டபம் பாதியாகச் சுருங்கியது. நீச்சல் குளத்தை எடுக்கவேண்டாம் என்று நானே சொன்னேன். தண்ணீர் கதிர்வீச்சைத் தடுக்கும். குளத்துக்கு அடியில் ஓர் அறை வைத்தால் சூரியப் புயல் அடிக்கும்போது எல்லாரும் ஒதுங்கலாம். எல்லாரும் என்றால் ஆயிரம் கிலோ சாமான்காரரும், தட்டு கழுவுகிறவரும், எஞ்சின்காரரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு. முதல் ஆட்டத்தை அந்த அறையில்தான் தொடங்கப்போகிறானாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படிக் கப்பல் வரைந்தால் தடுக்காதீர்கள். சமையற்கட்டை முதலில் வரையச் சொல்லுங்கள். அடுத்து, வேலை செய்கிறவர்கள் படுக்கும் இடம். மண்டபம் மிச்சமிருக்கிற கட்டத்தில் வரட்டும்.