காட்டிலே ஓர் இரவு ஜாகை

மயிலாப்பூர் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவரும் கணவருமாக மூன்று வருஷம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தார்களாம். எதற்கு என்கிறீர்கள்? ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கம் பார்க்க! சீட்டும் முதிர்ந்தது, விமானக் கட்டணத்தை விசாரித்தார்கள், கணவர் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லையாம். "ஆப்பிரிக்காவில் எந்த முகாமில் தங்கினால் நல்லது? அது முடியாமல் போனால், மாமியாரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு நம் பக்கத்திலேயே ஒரு காட்டில் தங்கி வர முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆப்பிரிக்கா போனதில்லை. படித்ததைத்தான் சொல்ல முடியும். ஆனால் எங்கள் பெரியத்தையை ஆழ்வார்குறிச்சியிலிருந்து பொதிகை மலைக்கு அழைத்துப்போய், ஒரு தரம் அசடு வழிந்து, மறு தரம் சரியாகத் தங்கி வந்த அநுபவம் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் குரூகர் தேசியப் பூங்கா இருக்கிறது. 1926-ல் ஏற்பட்டது. பரப்பு ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். நம் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி மட்டும் 895. அந்த மாதிரி இருபதை உள்ளே வைத்தாலும் இன்னும் இடம் மிச்சமிருக்கும்! அங்கே அரசாங்க முகாம்களே பல. ஸ்குகூஸா என்பது கடை, சாப்பாட்டு விடுதி, பெட்ரோல் எல்லாம் உள்ள ஒரு சிற்றூர் மாதிரி. சதாரா புல்வெளி நடுவே இருப்பது, சிங்கத்துக்குப் பேர்போனது. ஒலிஃபான்ட்ஸ் முகாம் ஆற்றுக்கு மேலே குன்றின் விளிம்பில்; லோயர் சாபி ஆற்றங்கரையிலேயே. பெரிய முகாம்களைச் சுற்றி வேலி உண்டு. மாலையில் வாசலை மூடிவிட்டால் மனிதர்கள் உள்ளே, மிருகங்கள் வெளியே. தனியார் விடுதிகள் சிலவற்றுக்கு வேலியே கிடையாது. இருட்டிய பிறகு சாப்பாட்டு அறையிலிருந்து படுக்கை அறைக்குப் போக ஆள் துணை வேண்டும். மெத்தென்ற படுக்கை, வெந்நீர், வெள்ளி ஸ்பூன் எல்லாம் இருக்கும். வாசற்படியில் யானையும் இருக்கலாம்!

குழந்தை குட்டிகளோடு போகிறவர்களுக்கு வேலியுள்ள முகாம்தான் சரி என்பது என் அபிப்பிராயம். மாதமும் முக்கியம். அங்கே மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாக் குளிர்காலம். புல் காய்ந்து, குட்டைகள் வற்றி, மிருகங்கள் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வரும். மலேரியாக் கொசுவும் அப்போது குறைவு. ஆகவே ஆப்பிரிக்காவில் முகாம் பார்ப்பவர்கள் முதலில் தண்ணீர் எங்கே என்று பார்க்கிறார்கள், பிறகுதான் கட்டில்.

காட்டு விடுதி என்றதும் என் நினைவுக்கு வருவது கென்யாவில் நியேரி பக்கத்திலிருந்த 'ட்ரீடாப்ஸ்'. பெரிய அத்தி மரத்தின்மேல் 1932-ல் கட்டிய மர வீடு. 1952 பிப்ரவரி 5-ந் தேதி இங்கிலாந்து இளவரசி எலிஸபெத், 25 வயசுப் பெண், கணவருடன் அதில் ஏறி, இரவெல்லாம் யானைகளையும் காண்டாமிருகங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரவு கழிவதற்குள் அவர் தகப்பனார் ஆறாம் ஜார்ஜ் தூக்கத்திலேயே காலமானார். மரத்தின்மேல் இருந்தபோதே ராணியாகிவிட்டார். ஆனால் இறங்கி வந்த பிறகுதான் அவருக்குச் செய்தி எட்டியது. அன்று அங்கே துப்பாக்கியுடன் காவல் இருந்த கிழவர் யார் தெரியுமா? நம் குமாவுன் மலையில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட ஜிம் கார்பெட்! 1947-ல் இந்தியாவை விட்டுப் போய் அங்கே குடியேறியிருந்தார். அந்த மர வீடு 1954-ல் கலகத்தில் எரிந்து, 1957-ல் மறுபடி எழும்பியது வேறு கதை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஆழ்வார்குறிச்சியில் எங்கள் பெரியத்தை வீட்டு மாடியில் நின்றால் மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கும். கடனாநதி அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை அந்த மலையைப் பார்த்துத்தான் துணி காயப்போடுகிறாள். சிவசைலம் போயிருக்கிறாள், பாபநாசத்தில் முழுகியிருக்கிறாள். மலைக்குள்ளே ஒரு ராத்திரி தங்கியதில்லை. "ஏட்டி, அறுவது வருஷமா நான் அதைப் பாத்துக்கிட்டிருக்கேன். அது என்னைப் பாத்துச்சான்னு ஒரு தடவ போய்க் கேட்டுட்டு வரணும்" என்றாள். வயது 78, முழங்காலில் வலி. இனி எத்தனை தடவை கேட்கப் போகிறாள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

அங்கேதான் நான் தவறு செய்தேன். சிநேகிதி ஒருத்தி, "குதிரைவெட்டிக்குப் போ, காட்சி பிரமாதம்!" என்று சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மணிமுத்தாறு அணையைத் தாண்டி, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று வளைந்து வளைந்து ஏறி, உச்சியில் இருப்பது குதிரைவெட்டி. ஆயிரம் மீட்டருக்குமேல் ஏற வேண்டும். அநுமதி முன்கூட்டி வாங்க வேண்டும் என்பதைப் பாதிதான் விசாரித்திருந்தேன். போதாததற்கு அம்பாசமுத்திரத்தில் சாப்பாட்டை முடித்து, ஆற அமரப் புறப்பட்டு, சோதனைச் சாவடிக்குப் போய்ச் சேரும்போது வாசல் மூடியாயிற்று. காவலரைக் குறை சொல்ல முடியாது. இருட்டிய பிறகு பாதை மிருகங்களுடையது.

திரும்பிப் போக மனசில்லாமல் அடிவாரத்தில் ஒரு தனியார் விடுதியில் இறங்கினோம். பெயர் வேண்டாம். அறை சுத்தம், வெந்நீர் தாராளம். ஆனால் இரவு பதினொரு மணி வரை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு! மரத்துக்கு மரம் பெரிய விளக்கு. சாப்பாட்டு எச்சிலைப் பின்புறம் கொட்டி, காட்டுப்பன்றி வந்ததும் விருந்தாளிகளைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார்கள். அத்தை போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, "இதுக்கு நம்ம ஊர்க் கலியாண மண்டபத்திலேயே படுத்திருக்கலாம்லா" என்றாள்.

சிரிக்கிற விஷயமில்லை. நீலகிரி மாவட்டம் சீகூர் பக்கம் யானைகள் காலங்காலமாகப் போய்வரும் வழியிலேயே விடுதிகளைக் கட்டிவிட்டார்கள். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழித்தடத்தைக் காலி செய்யச் சொன்னது. 2018-ல் விடுதிகளுக்குச் சீல் வைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபரில் வழித்தடம் யானைக்கே என்று உறுதி செய்தது. இதற்குப் பிறகும் 2021 ஜனவரியில் மசினகுடியில் ஓர் விடுதிப் பக்கம் வந்த யானைமேல் எரியும் டயரை வீசினார்கள். காதில் தீக்காயத்துடன் அலைந்து அது செத்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆகவே தனியார் விடுதியில் இடம் பிடிக்குமுன் தயங்காமல் கேளுங்கள். லைசென்ஸ் இருக்கிறதா, ராத்திரி விளக்கும் பாட்டும் உண்டா, மிருகத்துக்குத் தீனி போடுகிறீர்களா? "எங்கள் விடுதிக்கு யானை கட்டாயம் வரும்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், யானை இவரிடம் வருகிறதா, இவர் யானையின் வழியில் உட்கார்ந்திருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாம் தரம் தை பிறந்த பிறகு போனோம். ஏன் தை? பொதிகைக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் பெரியது. வடகிழக்குப் பருவத்தில் ஊத்தும் நாலுமுக்கும் மாநிலத்திலேயே அதிக மழை பெய்த இடங்களாக அடிக்கடி செய்தியில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைமீறி ஓடியதை யார் மறப்பார்கள்? அந்த மாதங்களில் மேலே போனால் மேகத்தைத்தான் பார்க்கலாம். அட்டைகள் வேறு வரவேற்கும். கால்மேஜோடில் புகையிலைத் தூளைத் தடவிக்கொள்வது எங்கள் ஊர் வைத்தியம். தையும் மாசியும் ஆகாயம் தெளிவாக இருக்கும். ஓடையில் தண்ணீரும் இருக்கும். ஆனால் புலிக் கணக்கெடுப்புக்காகச் சில நாட்கள் காட்டை மூடிவிடுவார்கள். தேதியை அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். எந்தத் தங்குமனை திறந்திருக்கிறது, யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதும் அவ்வப்போது மாறும்.

இந்தத் தடவை முழங்காலுக்குத் தக்கபடி முண்டந்துறையைக் குறித்தேன். பாபநாசத்திலிருந்து மலைப்பாதையில் கொஞ்ச தூரம்தான். மேலே போனால் சமதரை. படி ஏறும் சிரமமில்லை. குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ உடம்புக்கு ஏதாவது என்றால் அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாம். முண்டந்துறை 1962-லேயே புலிகள் சரணாலயமானது, களக்காடு 1976-ல். இரண்டையும் சேர்த்து 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக்கினார்கள். புலி இருக்கிறது. ஆனால் பார்க்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள்! ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு மைலுக்கு அப்பால் நிற்கும் சிங்கம் தெரியும். இது அடர்ந்த காடு. பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் காதுதான் ஆடும். யானையையும் காட்டெருமையையும் எளிதாகப் பார்க்க விரும்பினால் முதுமலையோ டாப்ஸ்லிப்போ போகலாம். இங்கே விசேஷம் குரங்கு ஜாதி. நாட்டுக் குரங்கு, சாம்பல் மந்தி, கருமந்தி, சிங்கவால் குரங்கு, தேவாங்கு என்று ஐந்து வகை ஒரே காப்பகத்தில். குழந்தைகளுக்கு வேறென்ன வேண்டும்?

சாமான் விஷயம் பெண்களுக்குத் தெரியாததா! அரிசி, பருப்பு, காய்கறி, பால் பவுடர், டார்ச் லைட், கம்பளி. பிளாஸ்டிக் பை, பாட்டில் கூடாது, சாவடியிலேயே சோதிப்பார்கள். சமையற்காரர் உண்டா, ஜெனரேட்டர் எத்தனை மணி வரை ஓடும், கழிப்பறை அறையோடு சேர்ந்ததா, இவற்றை முன்னதாகக் கேட்க வெட்கப்படாதீர்கள். வீட்டுக்காரர்கள் கேட்க மாட்டார்கள்!

மாஞ்சோலைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பெல்லாம் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் சுடச்சுடத் தேநீர் கிடைக்கும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி, 2024-ல் தேயிலை வேலையை நிறுத்திவிட்டது. பல தலைமுறைகளாக மலையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் பல தட்டுமுட்டுச் சாமான்களோடு கீழே இறங்கிவிட்டன. காட்டுக்கு அது நல்லது என்கிறார்கள், இருக்கலாம். பூட்டிய லயன் வீடுகளைக் கடந்து போகும்போது வேடிக்கை பார்க்க மனம் வருவதில்லை. ஃப்ளாஸ்கில் காபி எடுத்துப் போங்கள்.

ஆடி அமாவாசைக்கு மட்டும் அமைதி தேடி இந்தப் பக்கம் வராதீர்கள். சொரிமுத்து ஐயனார் கோயிலைச் சுற்றி ஆற்றங்கரை முழுவதும் குடில் போட்டு, அண்டா குண்டாவோடு ஜனங்கள் தங்குவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் கொலுவிருந்ததைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வந்ததுண்டு. முடிசூடிய கடைசி ஜமீன்தார் 2020-ல் காலமானார். நம் பாட்டிமார் கண்ட காட்டு முகாம் அதுதான். இப்போது காட்டைக் கருதித் தங்கும் நாட்களைக் குறைத்திருக்கிறார்கள்.

முண்டந்துறையில் அன்று எங்களுக்குக் கிடைத்தது பழைய கட்டடத்தில் ஓர் அறை. கட்டில் சுமார்தான். மாலையில் புள்ளிமான்கள் வாசல் புல்லுக்கு வந்தன. அத்தை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. எட்டு மணிக்கு விளக்கை அணைத்தோம். நடுநிசியில் ஒரு மிளா, பாத்திரத்தைத் தரையில் போட்டாற்போலக் கத்தியது. விடிந்ததும் காணிக்காரரான காவலர், "ஆத்துப் பக்கம் சிறுத்தை வந்து போயிருக்கு, ஆச்சி" என்று ஈரமண்ணில் தடத்தைக் காட்டினார். அத்தை குனிந்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தாள்.

பிறகு அவரிடம், "ஆழ்வார்குறிச்சி எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவர் வடக்கே ஒரு மலைமுகட்டைக் காட்டி, அதற்கு அப்பால் என்றார். அத்தை சற்று நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி எந்திரிச்சுப் பாத்தேன். நம்ம மாடி வெளக்குத் தெரியலையே" என்றாள்.

அதை அவள் வேண்டுமென்றே போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.