கிளியின் மூக்கு

கிளிமூக்கு மாங்காய் என்று சொன்ன மாத்திரத்தில் நாவில் நீர் ஊறாத தமிழர் உண்டோ? மாங்காய்க்கு மூக்கு வளைய வளைய அழகு. ஆனால் அந்தப் பெயரை அதற்கு இரவல் கொடுத்த கிளிக்கோ, மூக்கு ஓர் அளவுக்கு மேல் வளைந்துவிட்டால் பிராணாபத்து. இந்த வாரம் அந்த மூக்கைப் பற்றியே நேயர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசித்திருக்கிறோம்.

சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காட்டைத் தாண்டியதும் வருகிற கோவளத்திலிருந்து நம் வகுப்புக்கு வரும் பையன் ஒருவன் சமீபத்தில் ஒரு சந்தேகம் கேட்டான். "ஸார், எங்கள் வீட்டு லவ் பேர்ட்ஸில் ஒன்றுக்கு மூக்கு நீண்டு கழுத்தைத் தொடுகிறது. நகவெட்டியால் நறுக்கிவிடலாம் என்கிறார் அப்பா. நறுக்கலாமா?"

நறுக்கலாகாது என்பதே சுருக்கமான பதில். காரணத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கிளியின் அலகுக்கு மேலுறையாக இருப்பது நம் நகத்தில் உள்ள கெராட்டின் என்னும் பொருள்தான். அதனால்தான் நகவெட்டியின் நினைவு வருகிறது. ஆனால் அந்த உறைக்குள்ளே எலும்பு இருக்கிறது. அதையொட்டி ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. கிளி தன் அலகின் நுனியால் தொட்டுத்தான் பொருள்களை அறிகிறது. நமக்கு விரல் எப்படியோ அதற்கு அலகு அப்படி. நம்மவர் லவ் பேர்ட்ஸ் என்று வாங்கி வளர்க்கும் பறவை பெரும்பாலும் ஆஸ்திரேலிய தேசத்துப் புல்வெளிகளைச் சேர்ந்த பட்ஜரிகார் என்னும் சிறு கிளியே. அதன் எடை சுமார் 35 கிராம். அதன் தேகத்திலுள்ள ரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. வெட்டு சற்று ஆழமாகிச் சில துளிகள் சிந்தினாலே அதன் உயிர் ஊசலாடத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, பறவைகள் மார்பை அசைத்தே மூச்சு விடுகின்றன. துள்ளாமலிருக்கட்டும் என்று கையால் மார்பை இறுக்கிப் பிடித்தால் மூச்சு முட்டியே இறந்துவிடக் கூடும்.

சரி, அலகு ஏன் இப்படி வளர்கிறது? உண்மையில் எல்லாக் கிளிகளுக்கும் அலகு ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. வளர்கிற அளவுக்குத் தேய்ந்துகொண்டும் இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை. கோவளம் பக்கத்திலுள்ள மொட்டைப் பனைகளை அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தேய்மானம் எப்படி நிகழ்கிறதென்று விளங்கும். பச்சைக்கிளி பனையின் பொந்தை அலகால் குடைந்து பெரிதாக்குகிறது, பட்டையைக் கிழிக்கிறது, கொட்டையை உடைக்கிறது, ஓய்ந்த வேளையில் மேலலகையும் கீழலகையும் உராய்ந்து கூர் பார்த்துக்கொள்கிறது. கூண்டுக் கிளிக்கோ கிண்ணத்தில் தினை. உட்காருவதற்கு ஒரு வழவழப்பான குச்சி. வேலையில்லாத அலகு நீளாமல் என்ன செய்யும்?

எனினும் வேலையின்மை ஒன்றே காரணமென்று நினைத்துவிடக் கூடாது. வெறும் விதையை, அதிலும் எண்ணெய்ப் பசை மிகுந்த சூரியகாந்தி விதையை, வருஷக்கணக்கில் தின்றுவரும் பறவைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அலகு தாறுமாறாக வளருவதுண்டு. வைட்டமின் ஏ குறைந்தாலும் அலகு கெடும். அலகின் அடியிலும் காலிலும் வெண்மையாகப் பொருக்குத் தட்டினால், அது பட்ஜரிகார்களைப் பீடிக்கும் ஒருவகை நுண்ணிய உண்ணியின் வேலையாக இருக்கலாம். சில வேளைகளில் பழைய அடியோ, வைரஸ் நோயோ காரணமாகும். ஆகவே, நீண்ட அலகைக் கத்தரித்துவிட்டால் நோய் தீர்ந்ததாகாது. உள்ளேயிருக்கும் நோய் அப்படியே இருக்க, அதைக் காட்டிக்கொடுத்த அடையாளத்தை மட்டும் நீக்கினவர்களாவோம்.

இரையைக் கொத்த முடியாமல் பறவை தடுமாறினாலோ, அலகு ஒரு பக்கமாகக் கோணினாலோ, அதில் கருமையான திட்டுகள் கண்டாலோ, தாமதமின்றிப் பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். கோவளவாசிகள் பஸ் ஏறிச் சென்னைக்குப் போனால் வேப்பேரியில் 1903-ம் வருஷம் தொடங்கிய கால்நடை வைத்தியக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. வைத்தியர் அலகை நறுக்குவதை விட, அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்ப்பதையே விரும்புவார், காரணத்தையும் ஆராய்வார். தற்செயலாக வீட்டில் அலகு நுனி உடைந்து ரத்தம் வந்தால், சோளமாவைத் தூவிச் சுத்தமான துணியால் மெதுவாக அழுத்தி, காற்றுப் போகும் பெட்டியில் வைத்து உடனே எடுத்துச் செல்லலாம்.

வருமுன் காப்பதற்குச் செலவு அதிகமில்லை. கோவளம் கடற்கரையில் ஒதுங்கும் வெண்மையான கணவாய் ஓட்டை நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்திக் கூண்டில் மாட்டினால், அலகு தேய்வதோடு சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். மருந்து தெளிக்காத கொய்யாக் கிளையைப் பட்டையோடு வைத்தால் கிளிக்கு நாள் முழுவதும் உத்தியோகம். முருங்கைக் கீரை, காரட், பூசணி, மிளகாய் ஆகியவை நல்ல ஆகாரம். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. அவகாடோ பழம் மட்டும் விஷம். விதையை ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. புதிய ஆகாரத்தை அறியாத பறவை பட்டினி கிடக்கும். சிறுகச் சிறுக மாற்றுவதே முறை.

இதுவரை சொன்னது கூண்டிலேயே பிறந்து வளர்ந்த அயல்நாட்டுக் கிளிகளைப் பற்றி. நமது பச்சைக்கிளியின் கதை வேறு. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2024 ஏப்ரலில், தேர்தல் சமயத்தில், கடலூர்ப் பக்கத்துக் கிளி ஜோசியர் ஒருவரிடமிருந்த கிளிகளை வனத்துறையினர் கைப்பற்றியது பத்திரிகைகளில் வந்தது. அப்படியிருந்தும், பாட்டி காலத்துப் பழக்கமென்று பல வீடுகளில் பச்சைக்கிளி ஒளிந்து வாழ்கிறது. அதற்கு அலகு வளர்ந்தால் வைத்தியரிடம் கொண்டுபோகவும் அச்சம். யாரும் அறியாமல் வீட்டுக்குள்ளேயே கத்தரிக்கோல் எடுக்கிறார்கள். அன்பாக வளர்க்கும் வீட்டிலேயே, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஜீவன் வைத்தியமின்றி வாடுகிறது.

அத்தகைய வீட்டாருக்கு நாம் சொல்வது இதுதான். கிளியைத் திடீரென்று ஜன்னல் வழியே பறக்கவிட வேண்டாம்; இரை தேடவும் காக்கையிடமிருந்து தப்பவும் அதற்குத் தெரியாது. வனத்துறையினரிடம் ஒப்படையுங்கள். சிகிச்சை வேண்டியதற்குச் சிகிச்சையும், பறக்கக் கூடியதற்குப் பயிற்சியும் அவர்கள் மூலம் கிடைக்க வழியுண்டு. குழந்தைகள் கிளியைத்தான் கேட்கிறார்கள் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர்களைக் கோவளத்துப் பனைகளின் பக்கம் அழைத்துப் போங்கள். கூச்சலும் பறத்தலுமாகப் பனைப் பொந்தைக் கொத்திக்கொண்டிருக்கும் கிளிகளை அங்கே காணலாம். அவற்றின் மூக்கைச் சீர்செய்ய எந்த வைத்தியரும் வேண்டியதில்லை.