எவ்வளவு மிதிக்கலாம், பாஸ்?

'வண்டியை எடுத்துக்கோ, ஆனா ரேஸ் பண்ணாதே!' பழைய டீசல் காரின் சாவி கைமாறும்போது கூடவே வரும் அட்வைஸ் இது. அப்பா சொல்வார், மாமா சொல்வார், பக்கத்து வீட்டு அங்கிள்கூடச் சொல்வார். இன்னொரு பக்கம் மெக்கானிக் அண்ணன், 'டீசல் வண்டியை அப்பப்போ நல்லா மிதிச்சு ஓட்டணும் தம்பி, இல்லேன்னா புகை அடைச்சுக்கும்' என்பார். யார் பேச்சைக் கேட்பது? குழப்பமா இருக்கா? ரெண்டு பேருமே பாதி சரி. மீதியை இந்த வாரம் நாம பேசித் தீர்த்துடலாம்.

நம்ம ஊர் ரோட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சின்ன டீசல் கார்களை ரெண்டு கோஷ்டியாகப் பிரிக்கலாம். முதல் கோஷ்டிக்குத் தலைவர், 1998 டிசம்பரில் அறிமுகமான இண்டிகா. 1,405 சி.சி., ஆரம்ப கால மாடல்களில் டர்போ கிடையாது. ரெண்டாவது கோஷ்டிக்குத் தலைவர், ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட். 2007-ல் வந்த டீசல் ஸ்விஃப்ட், பிறகு டிசையர், ரிட்ஸ், புன்டோ, இண்டிகா விஸ்டா என்று அத்தனை கம்பெனி கார்களிலும் இதே இன்ஜின் உட்கார்ந்ததால், 'இந்தியாவின் தேசிய டீசல் இன்ஜின்' என்றே செல்லப்பெயர் வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் மாருதி டீசலுக்கே டாட்டா காட்டிவிட்டது. ஆனால், அதற்கு முன் விற்ற வண்டிகள் இன்னும் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அதில் ஒன்று உங்க கைக்கு வந்திருக்கலாம்.

பெட்ரோல் மாதிரி ஏன் பறக்கலை?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் நெருப்பு வைக்கிறது. டீசலில் பிளக் கிடையாது. காற்றைக் கடுமையாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறோம். மல்டிஜெட்டில் காற்று ஏறக்குறைய பதினேழரை மடங்கு அழுத்தப்படுகிறது. பெட்ரோல் இன்ஜின்களில் பொதுவாகப் பத்து மடங்குதான். இந்த அழுத்தத்தைத் தாங்க பிஸ்டன், கனெக்டிங் ராடு எல்லாமே கனமாக இருக்க வேண்டும். கனமான பொருளை வேகமாக மேலும் கீழும் ஆட்டினால் என்ன ஆகும்? கையில் டம்பிள்ஸை வைத்துக்கொண்டு வேகமாக ஆட்டிப் பாருங்க, தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு. மல்டிஜெட்டில் பிஸ்டன் ஒரு தடவை நகரும் தூரம் 82 மில்லி மீட்டர். 4,000 ஆர்.பி.எம்.மில் அது ஒரு நிமிஷத்துக்கு 8,000 தடவை மேலும் கீழும் போகிறது. அதாவது, ஒவ்வொரு பிஸ்டனும் நிமிஷத்துக்கு 656 மீட்டர் ஓடுகிறது. அதுவும் நேராக அல்ல, ஒவ்வொரு 82 மில்லி மீட்டருக்கும் நின்று, திரும்பி!

இன்னொரு சிக்கல் நேரம். 4,000 ஆர்.பி.எம்.மில் டீசல் பீய்ச்சப்பட்டு, காற்றோடு கலந்து, எரிந்து, பிஸ்டனைத் தள்ளி முடிக்கக் கிடைக்கும் நேரம் ஒரு செகண்டில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இதற்கு மேல் சுற்றவைத்தால் டீசல் ஒழுங்காக எரிய நேரம் போதாது. அதனால்தான் பெட்ரோல் கார்கள் 6,000-ஐத் தாண்டிக் குதிக்கும்போது, டீசல் 4,500 - 5,000 பக்கத்திலேயே சிவப்புக் கோடு போட்டுக்கொள்கிறது.

நிஜமான நம்பர் எது?

75 பி.எஸ். மல்டிஜெட்டை எடுத்துக்குவோம். அதிகபட்ச இழுவிசை 190 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 2,000 ஆர்.பி.எம்.மில். அதிகபட்ச சக்தி 75 பி.எஸ்., கிடைப்பது 4,000-ல். இந்த ரெண்டு நம்பரையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு ரகசியம் வெளியே வரும். 2,000 ஆர்.பி.எம்.மிலேயே இன்ஜின் சுமார் 54 பி.எஸ். கொடுத்துவிடுகிறது. அதாவது, பாதி வேகத்தில் முக்கால் பங்கு சக்திக்குக் கிட்டத்தட்ட வந்தாச்சு! 4,000-க்குப் போகும்போது இழுவிசை சுமார் 132-ஆக இறங்கியிருக்கும். அதற்கு மேல் மிதித்தால் கிடைப்பது சத்தமும் செலவும்தான், பிக்கப் இல்லை.

ஸோ, ஃபார்முலா இதுதான். சாதாரணமாக ஓட்ட 1,800 முதல் 2,500. மலை ஏற, லோடு இழுக்க 2,000 முதல் 3,000. லாரியை ஓவர்டேக் பண்ண 3,500 வரை, தேவைப்பட்டால் ஒரு கணம் 4,000. அதற்கு முன்பே கியரை மாத்திடுங்க. டர்போ இல்லாத பழைய இண்டிகாவில் இழுவிசை உச்சம் 2,500 பக்கம். அதனால் அதை இன்னும் கொஞ்சம் மேலே வைத்து ஓட்டலாம். ஆனால், அது டர்போ வண்டி மாதிரி முதுகில் தள்ளும் என்று எதிர்பார்க்காதீங்க.

ஆர்.பி.எம். மீட்டர் இல்லாத வண்டியா? காதுதான் மீட்டர். மிதிக்க மிதிக்க சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையா, அடுத்த கியர். மிதித்தும் வண்டி குலுங்கி, திணறி, முக்குகிறதா, முந்தைய கியர். அவ்வளவுதான் மேட்டர்.

முக்கவிட்டாலும் ஆபத்துதான்

'மைலேஜ் கிடைக்கும்' என்று 1,200 ஆர்.பி.எம்.மில் அஞ்சாவது கியரைப் போட்டு உருட்டும் புத்திசாலிகள் நிறைய பேர். இது ரேஸ் பண்ணுவதைவிட மோசம். சுற்று கம்மி, சுமை அதிகம். கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளுக்கு நடுவே இருக்கும் ஆயில் படலம் மெலிந்து போகும். டர்போ முழிக்காததால் காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து, கரி உள்ளேயே படியும். மெக்கானிக் அண்ணன் சொன்ன 'அடைச்சுக்கும்' இதுதான்! வாரம் முழுக்க சிட்டி டிராஃபிக்கிலேயே ஊர்ந்த வண்டியை, ஒரு நாள் நல்ல ஹைவேயில், இன்ஜின் சூடான பிறகு, ஒரு கியர் குறைத்து 2,500 - 3,000-ல் கால் மணி நேரம் ஓட்டுங்க. ஸ்பீட் லிமிட்டுக்குள்ளேயே இதைச் செய்ய முடியும்.

இதை மட்டும் பண்ணவே பண்ணாதீங்க!

காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் 'வ்ரூம் வ்ரூம்' வேண்டாம். ஆயில் இன்னும் மேலே போய்ச் சேரவில்லை. மெதுவாகக் கிளம்பி, சூடு முள் நடுவுக்கு வரும் வரை 2,500-ஐத் தாண்டாமல் போங்க.

ஆஃப் செய்வதற்கு முன் ஒரு ரேஸ் கொடுத்து சாவியைத் திருப்பும் பழக்கம் சில பேருக்கு உண்டு. டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் சாமான். அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஆயிலை நிறுத்தினால் அதன் பேரிங் என்ன ஆகும்? ஹைவேயில் விரட்டி வந்தால், அரை நிமிஷம், ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு ஆஃப் பண்ணுங்க.

அடுத்தது, தப்பான கியர். அஞ்சிலிருந்து நாலுக்கு வருகிறேன் என்று ரெண்டில் தள்ளிவிட்டால், 2,500-ல் இருந்த இன்ஜின் 6,000-ஐத் தொடும். 'லிமிட்டர் இருக்கே?' என்று கேட்கலாம். லிமிட்டர் டீசலைத்தான் நிறுத்தும். இங்கே இன்ஜினைச் சுற்றுவது டீசல் அல்ல, சக்கரம்! அதை எந்த கம்ப்யூட்டரும் தடுக்காது. முன்னால் இழுக்கிற மாதிரித் தெரிந்தால் அந்தக் கணமே கிளட்சை மிதிங்க.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது நியூட்ரல் போடுவது தற்கொலைக்குச் சமம். மைலேஜும் கிடைக்காது. கியரில் இருந்து காலை எடுத்தால் மல்டிஜெட்டில் டீசல் பீய்ச்சுவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஓட டீசல் வேண்டும். ரெண்டாவது கியரில் இன்ஜின் 3,000 வரை கத்தினாலும் கவலை வேண்டாம், அது பிரேக்குக்கு உதவி பண்ணுகிறது.

புகை டெஸ்ட்டில் என்ன நடக்குது?

புகைச் சான்றிதழ் எடுக்கப் போனால், ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதிப்பார்கள். பதற வேண்டாம். டீசலுக்கு டெஸ்ட்டே அப்படித்தான். இன்ஜின் கட்ஆஃப் வரை போகும்போது வரும் புகையின் அடர்த்தியை அளப்பார்கள். பி.எஸ்.4-க்கு முந்தைய வண்டிக்கு 65, பி.எஸ்.4-க்கு 50 ஹெச்.எஸ்.யூ. வரை அனுமதி. நீங்க செய்ய வேண்டியது, இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போவதும், கிளம்பும் முன் ஆயில் அளவு பார்ப்பதும்தான். டைமிங் பெல்ட் உள்ள பழைய இன்ஜினாக இருந்து, பெல்ட் எப்போ மாத்தினதுன்னே தெரியலைன்னா, முதலில் அதை மாத்துங்க. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும், அப்புறம் இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவில் பைக்கே வாங்கலாம்.

கடைசியா, ஒரு உயிர் காக்கும் விஷயம்

டர்போ தேய்ந்துபோன டீசல் இன்ஜின், சில நேரம் தன் இன்ஜின் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பிக்கும். கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்காது, ஆனால் சுற்று தானாக ஏறும். பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை மண்டும். சாவியை எடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அது எரிப்பது டீசலை அல்ல. அப்போது என்ன செய்வது? வண்டி நின்றுகொண்டிருந்தால், பிரேக்கை முழுசா மிதிங்க, ஹேண்ட் பிரேக்கையும் போடுங்க, கிளட்சை மிதித்து டாப் கியரைப் போடுங்க, கிளட்சைச் சட்டென்று விடுங்க. இன்ஜின் திணறி நின்றுவிடும். அது நடக்கவில்லை என்றால் எல்லோரையும் இறக்கி, தூரமாகப் போய்விடுங்க. பானெட்டைத் திறந்து எட்டிப் பார்ப்பது, காற்றுக் குழாயைக் கையால் பொத்துவது போன்ற ஹீரோயிஸம் வேண்டவே வேண்டாம். இன்ஜின் போனால் வேறு வாங்கலாம்.

இது திடீரென்று வராது, முன்னாடியே சிக்னல் கொடுக்கும். ஆயில் அடிக்கடி குறைவது, ரேஸ் பண்ணும்போது நீலப் புகை, டர்போவில் விசில் சத்தம். இந்த மூன்றில் எது தெரிந்தாலும் மிதிப்பதை விட்டுட்டு வண்டியை நேரா மெக்கானிக்கிட்ட விடுங்க. மூன்றுமே இல்லையா? தைரியமா 3,500 வரை போய்ட்டு வாங்க, பாஸ்!