திருவுளச்சீட்டும் வாக்குச்சீட்டும்

வைத்திக்குப்பத்துக் கரையில் வலை பின்னும் ஒருவர் எக்கட்சியையும் சாராது சட்டமன்றத் தேர்தலில் நிற்பதாகக் கொள்வோம். திருமுழுக்கில் அவர் பெற்ற பெயர் அந்தோணி. அகர வரிசையில் அப்பெயரை முந்தும் பெயர்கள் மிகச் சிலவே. ஆயினும் வாக்குச்சீட்டில் அவர் அடியில்தான் நிற்பார். வேளாங்கண்ணி என்னும் பெயருடைய பெரிய கட்சி வேட்பாளரோ அவருக்கு மேலே வீற்றிருப்பார்.

இது எங்ஙனம் நேர்கிறது? 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு 1996-இல் திருத்தப்பட்டது. அதற்கு முன்னர் எல்லாரும் ஒரே அகர வரிசையில் நின்றனர். இப்போது மூன்று பந்திகள்: அங்கீகாரம் பெற்ற கட்சியினர் முதற்பந்தி, பதிவு மட்டும் பெற்ற கட்சியினர் இரண்டாவது, சுயேச்சைகள் கடைசி. அகர வரிசை அந்தந்தப் பந்திக்குள் மட்டுமே. திருமண விருந்தில்கூட இன்று இப்படிப் பந்தி பிரித்தால் ஊரார் எழுந்து போய்விடுவர்!

திருத்தத்திற்குக் காரணமே இல்லை என்று நாம் கூறவில்லை. 1996-இல் மொடக்குறிச்சித் தொகுதியில் 1033 பேர் போட்டியிட, வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று. ஆனால் அவ்வெள்ளத்தைத் தடுக்க, அதே திருத்தம் சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகையை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்திவிட்டதே! கூட்டத்தைக் குறைக்க அது போதாதா? எஞ்சியோரையும் தரம் பிரித்து நிறுத்துவானேன்?

மக்கள் சின்னத்தைப் பார்த்தன்றோ வாக்களிக்கின்றனர், வரிசையில் என்ன இருக்கிறது என்பர் சிலர். ஒன்றுமில்லையெனில், பெரிய கட்சிகள் அவ்விடத்தைச் சட்டம் போட்டுத் தமக்கென ஒதுக்கிக்கொண்டது எதற்காக? ஒரு வாக்குப்பதிவுக் கருவியில் நோட்டா உட்பட 16 இடங்களே உண்டு. மிகுந்தால் அடுத்த கருவி வைக்கப்படும். அங்கே தள்ளப்படுபவரும் சுயேச்சையே.

அகர வரிசையும் முற்றிலும் நடுநிலையானதன்று. 1937-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலிருந்து மேலவைக்குத் தொழிற்கட்சி நிறுத்திய நால்வர் அமோர், ஆம்ஸ்ட்ராங், ஆர்தர், ஆஷ்லி. நால்வர் பெயரும் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தில் தொடங்கின; நால்வரும் வென்றனர். இன்று அந்நாட்டில் வாக்குச்சீட்டின் வரிசை குலுக்கலால் முடிவாகிறது.

குலுக்கல் நமக்கும் புதிதன்று. யூதாசின் இடத்தை நிரப்பத் திருத்தூதர்கள் சீட்டுக் குலுக்கினர். திருத்தூதர் பணிகள் நூல் முதலில் குறிப்பிடும் பெயர் பர்சபா எனப்பட்ட யோசேப்பு. சீட்டு விழுந்ததோ மத்தியாவுக்கு. நம் தேர்தல் சட்டமும் இருவர் சம வாக்குப் பெற்றால் குலுக்கலாலேயே வெற்றியை முடிவு செய்கிறது. அதன் 65-ஆம் பிரிவைக் காண்க. ஓர் உறுப்பினரையே தெரிவு செய்யத் தகுந்த திருவுளச்சீட்டு, பெயர்களை வரிசைப்படுத்த மட்டும் தகாதோ?

சட்டத்தை மாற்ற வேண்டியவர்கள் முதற்பந்தியில் அமர்ந்திருப்பவர்களே. தாமாக அவர்கள் எழமாட்டார்கள். அடுத்த முறை மக்களவைத் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு நம் கரைக்கு வருவோரிடம் கடலரிப்பைப் பற்றிக் கேட்கும் பொதுநிலையினர், 38-ஆம் பிரிவைப் பற்றியும் கேட்கட்டும்.